17 ராடு, ஒரு படகு
சென்னைக்கு அருகே கோவளத்தில் ஞாயிறுதோறும் படகேறும் தூண்டில்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

நண்பர்களே,

போன மாதம் அந்த ஞாயிற்றுக்கிழமை விடிகாலை நாலரை மணிக்கு, கோவளம் மணலில் நாம் ஐந்து பேரும் கூடினோமே, நினைவிருக்கிறதா? படகைத் தள்ளுவதற்கு முன்னால் சும்மா எண்ணிப் பார்த்தேன். 17 ராடு. அதில் மூன்று என்னுடையவை. ஆகவே இந்த மடலில் வரும் ஏச்சு எனக்கும் சேர்த்துத்தான்.

படகுக்கார அண்ணன் டார்ச்சை ஒரு தடவை அந்தக் கட்டின் மேல் ஓட்டினார். "எல்லாம் வேணுமா சார்?" என்று மட்டும் கேட்டார். நாம் வெட்கமில்லாமல் "வேணும்ணா" என்றோம். மதியம் கரை திரும்பியபோது அந்தப் பதினேழில் தண்ணீரைப் பார்த்தவை ஆறுதான். மீதிப் பதினொன்றும் சும்மா இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. ஒன்று அலையடியிலேயே நுனி முறிந்தது. இன்னொன்றில் வீட்டிலேயே கட்டிக்கொண்டு வந்த பாப்பர் என்ற மிதக்கும் பொய்யிரை தொங்கியது. அதன் ட்ரெபிள் முள் அண்ணனின் வலைக்குள் புகுந்துகொண்டது. அவர் குந்தி உட்கார்ந்து, பல்லில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு, கண்ணி கண்ணியாகப் பிரித்தார். முக்கால் மணி நேரம். கடைசியில் இரண்டு கண்ணியை அறுத்தே எடுக்க வேண்டி வந்தது. அவர் தலை நிமிர்ந்த நேரத்தில், நூறடி தள்ளி ஒரு தோல்பாறைக் கூட்டம் நெத்திலியை மேலே துரத்தித் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. நாம் ஐந்து பேரும் ராடு சிக்கலைப் பிரித்துக்கொண்டிருந்தோம்.

அன்றிலிருந்து ஒன்று மண்டையைக் குடைகிறது. நாம் ஒவ்வொருவரும் சனிக்கிழமை ராத்திரி அவரவர் வீட்டில் உட்கார்ந்து, படகு முழுக்கத் தனக்கே என்பதுபோல ராடு பொறுக்குகிறோம். ஒருவர் ஜிக் என்ற உலோகப் பொய்யிரையை அடிக்க இரண்டு, பாப்பருக்கு ஒன்று, இரை போட ஒன்று, எதற்கும் இருக்கட்டும் என்று ஒன்று எடுத்து வைக்கிறார். அடுத்தவரும் அதையே செய்கிறார். ஆளுக்கு எத்தனை என்று எல்லோருக்கும் கணக்கு இருக்கிறது. படகுக்கு எத்தனை என்று ஒருவரும் கேட்பதில்லை.

அந்தப் படகைக் கொஞ்சம் பாருங்கள். வீடியோவில் வெள்ளைக்காரர்கள் நிற்கும் படகு அல்ல அது. அவர்கள் படகில் சுற்றிலும் ராடு சொருகத் துளை இருக்கும், உட்கார நாற்காலி இருக்கும். நம்முடையது ஏறத்தாழ 30 அடி ஃபைபர் போட். நடுவயிற்றில் வலை. அணியத்தில் நங்கூரமும் கயிறும். பின்னால் இன்ஜின், எண்ணெய் கேன், ஐஸ் பெட்டி. அண்ணனும் அவருடைய தம்பியும் நடமாட ஒரு பாதை. மிச்சம் இருக்கும் இடத்தில்தான் நாம். வீசி எறிய நிம்மதியாக நிற்க இடம் இரண்டு பேருக்குத்தான், முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். நடுவில் இருப்பவர் வீசினால் முள் யார் காதில் ஏறும் என்று சொல்ல முடியாது. ஆகவே ஒரே நேரத்தில் இரண்டு பேர் வீசலாம், இரண்டு பேர் நேர்கீழே ஜிக் விடலாம், ஒருவர் இரை போட்டு உட்காரலாம். ஐந்து ராடு. எல்லோருக்கும் பொதுவாகக் கனமான ராடு ஒன்று. ஆறு. நாம் அன்றைக்கு உண்மையில் பயன்படுத்திய எண்ணிக்கையும் அதேதான். படகு தன் கணக்கைத் தானே சொல்லியிருக்கிறது. நமக்குத்தான் காது கேட்கவில்லை.

இனி, எந்த ஆறு என்பது.

நம்மில் பலருக்குக் கணக்குத் தப்புவது நீளத்தில். காரணம் எளிது. நாம் எல்லோரும் கரையிலிருந்து தொடங்கியவர்கள். பட்டினப்பாக்கத்திலும் நீலாங்கரையிலும் அலை உடையும் இடத்தைத் தாண்டி ஈயத்தை எறிய 10 அடி, 12 அடி ராடு வேண்டியிருந்தது. நீளம் என்றால் பலம் என்று கை பழகிவிட்டது. படகில் மீன் காலடியில் இருக்கிறது. யாரைத் தாண்டி எறியப் போகிறோம்?

ராடு ஒரு நெம்புகோல், அவ்வளவுதான். அதன் நீண்ட பக்கத்தை மீன் பிடித்துக்கொண்டிருக்கிறது. ரீலிலிருந்து இடுப்பு வரை உள்ள குட்டைப் பக்கம் நம்முடையது. ராடு நீள நீள மீனுக்குத்தான் ஆதாயம். நம்பாதவர்கள் மொட்டை மாடிக்குப் போங்கள். 2 லிட்டர் தண்ணீர் பாட்டிலை லைனில் கட்டிக் கைப்பிடிச் சுவருக்கு வெளியே தொங்கவிட்டு, முதலில் 6 அடி ராடால் தூக்குங்கள், பிறகு கரையில் வீசும் 10 அடி ராடால். இரண்டாவது முறை முழங்கை என்ன சொல்கிறது என்று கவனியுங்கள். நான் செய்து பார்த்தேன். எதிர்வீட்டுப் பாட்டி "என்னப்பா, கிணத்துல தண்ணி எறைக்கிறியா?" என்று கேட்டதுதான் மிச்சம்.

ஜிக் அடிக்க ஐந்தரை அடியிலிருந்து ஆறடி வரை. படகிலிருந்து வீச ஏழு, ஏழரை அடி. கனத்த பாப்பர் எறிய எட்டடி, அதற்கு மேல் வேண்டாம். கரை ராடு கரையிலேயே இருக்கட்டும்.

நுனி முறிவதைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் நான் பட்டவன். இரண்டு வருஷம் முன்பு, விலை கூடிய கார்பன் ராடு ஒன்று வாங்கினேன். கடைக்காரர் அதை வளைத்துக் காட்டி, "யானையைக் கட்டி இழுக்கலாம் சார்" என்றார். மூன்றாவது பயணத்தில் ஒரு கடல்விரால் மாட்டியது. படகருகே வந்துவிட்டது. நான் ஆர்வத்தில் ராடை வானத்தைப் பார்க்க நிமிர்த்தினேன். கடல்விராலுக்கு ஒரு குணம் உண்டு. செத்ததுபோல் கூடவே வரும், படகைப் பார்த்ததும் நேர்கீழே பாயும். தீபாவளி வெடிபோல் ஒரு சத்தம். கையில் நாலடி மிச்சம்.

கடைக்காரர்மேல் கோபப்பட்டுப் பயனில்லை. ராடு 45 பாகையில் இருக்கும்போது பாரம் அடித்தண்டு வரை பகிர்ந்து இறங்குகிறது. நெட்டுக்குத்தாக நிமிர்த்தினால் விரல் பருமன்கூட இல்லாத நுனி மட்டும் மொத்தப் பாரத்தையும் தாங்க வேண்டும். கார்பன் விறைப்பானது, லேசானது, உணர்ச்சி கூடியது. ஆனால் இந்தக் கொடுமையைப் பொறுக்காது. ஃபைபர் கிளாஸ் ராடு பொறுக்கும். கனம்தான், தடித்தனம்தான், கீழே என்ன கடிக்கிறது என்று பாதிதான் சொல்லும். ஆனால் அலையில் ஆடும் படகில், மீன் நேர் காலடியில் இருக்கும்போது, புதியவர் கையில் கொடுக்கக்கூடியது அதுதான். அதனால் இரை போட்டு உட்காரும் அந்த ஒரு ராடு கிளாஸாக இருக்கட்டும். ஜிக்குக்கும் வீச்சுக்கும் கார்பன். ராடை 45 பாகைக்கு மேல் நிமிர்த்தக் கூடாது என்பதை மட்டும் ஒருவருக்கொருவர் கத்திச் சொல்லிக்கொள்வோம்.

கார்பனைப் பற்றி இன்னொன்று: அது மின்சாரம் கடத்தும். ஐப்பசி, கார்த்திகையில் தூரத்தில் மின்னல் வெட்டினாலே ராடுகளைப் படுக்க வைத்துவிடுங்கள். அந்த மாதங்களில் அணியத்தில் நின்று பாப்பர் எறியவும் முடியாது. அப்போது வீச்சு ராடு இரண்டுக்குப் பதில் ஒன்று போதும். ஜனவரி முதல் மார்ச் வரை கடல் அடங்கியிருக்கும்போது இரண்டாக்கிக்கொள்ளலாம்.

எந்த ராடு என்ற கேள்விக்கு நம் அலமாரியிடம் பதில் இல்லை. சனிக்கிழமை ராத்திரி அண்ணனுக்கு ஒரு போன் போட்டால் கிடைக்கும். நாம் இதுவரை அவரிடம் கேட்டது "எத்தனை மணிக்கு வரணும்?" என்பது மட்டும்தான். போன வாரம் நான் வேறு மாதிரி கேட்டுப் பார்த்தேன்.

"நாளைக்கு எங்கண்ணா போறோம்?"

"பாருக்குத்தான் சார். பன்னெண்டு பாகம்."

"தண்ணி எப்படி?"

"வன்னி. கொஞ்சம் வேகமாத்தான் ஓடுது. நங்கூரம் போட்டாத்தான் நிக்கலாம்."

"மேல எதனாச்சும் அடிக்குதா?"

"வெடிக்கால பாற சுத்துது சார். வஞ்சிரம் ரெண்டு மூணு போட்டுக்குப் பட்டுது."

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ஆனால் ராடு பொறுக்குவதற்கு வேண்டியது எல்லாம் இதில் இருக்கிறது. பார் என்றால் கடலடிப் பாறைத்திட்டு. பாகம் என்பது இரண்டு கையையும் விரித்த அளவு, சுமார் ஆறடி. பன்னிரண்டு பாகம் என்றால் 72 அடி ஆழம். ஜிக் அடிப்பவர்கள் அடிக்கு ஒரு கிராம் என்று ஒரு கைக்கணக்கு வைத்திருக்கிறார்கள். அதாவது அண்ணன் சொல்லும் பாகத்தை ஆறால் பெருக்கினால் ஜிக்கின் எடை கிராமில் வந்துவிடும். 72 கிராம். இது படகு ஓட்டத்தோடு ஒழுகிப் போகும்போது. வன்னி என்றால் வடக்கிலிருந்து தெற்கே ஓடும் நீரோட்டம். அதில் நங்கூரம் போட்டு நின்றால் லைன் நேராக இறங்காது, சாய்ந்துகொண்டே போகும். எடையை ஒன்றரை மடங்காக்க வேண்டும், சுமார் 110 கிராம். இப்போது ராடின் கைப்பிடிக்கு மேலே பொடி எழுத்தில் அச்சடித்திருப்பதைப் படியுங்கள். 40 முதல் 80 கிராம் வரை என்று இருந்தால் அது எவ்வளவு அழகான ராடாக இருந்தாலும் நாளைக்கு வீட்டில்தான். 80 முதல் 150 வரை என்று இருப்பதை எடுங்கள்.

அந்தப் பொடி எழுத்தில் பிஇ 2, பிஇ 3 என்றும் இருக்கும். பிரெய்டு லைனின் பருமனைச் சொல்லும் ஜப்பான்காரர்களின் அளவு அது. பிஇ 1 என்றால் 0.165 மில்லிமீட்டர். அறுபடும் பலம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பிஇ 2 போடும் ராடில் பிஇ 5 சுற்றி, லைன் ஓடாதபடி ரீலின் டிராக்கை இறுக்கிப் பிடித்தால் லைன் அறுபடாது, ராடு போய்விடும். லைன் தாங்கும் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் டிராக் வேண்டாம். நம்மில் ஒருவர் ஸ்பேனர் வைத்து இறுக்கியதுபோல் இறுக்குகிறார். பெயர் சொல்லவில்லை, அவருக்கே தெரியும்.

வஞ்சிரம் படுகிறது என்று அண்ணன் சொன்னால், நம்மில் இரண்டு பேர் உடனே இழுவைக்கு என்று வாங்கிய அந்தத் தடித்த ராடுகளைத் தூக்குவீர்கள். தயவுசெய்து வேண்டாம். ஓடும் படகில் அவற்றைச் சொருக இடமில்லை, கையில் பிடித்துக்கொண்டே அரை மணி நேரம் உட்கார யாருக்கும் பொறுமையும் இல்லை. அண்ணன் என்ன செய்கிறார் என்று பார்த்திருக்கிறீர்களா? பழைய பிளாஸ்டிக் பாட்டிலில் சுற்றிய தங்கூஸ். முனையில் ஒரு சாண் கம்பி, ஏனென்றால் வஞ்சிரத்தின் பல் நரம்பைக் கத்தரிக்கோலாய் நறுக்கும். பின்னால் உட்கார்ந்து ஒரு கையில் இன்ஜினைப் பிடித்தபடி, மறுகையின் ஆள்காட்டி விரல் மேல் அந்த நரம்பை ஓடவிடுகிறார். அந்த விரலில் வாள்போல் ஒரு வெட்டுத் தழும்பு, பல வருஷத்து உப்பேறிக் காய்த்துப் போனது. போன தடவை நாம் லூரின் நிறம் பச்சையா, இளஞ்சிவப்பா என்று வாதாடிக்கொண்டிருந்தபோது, அவர் பேச்சே இல்லாமல் நாலு கிலோ வஞ்சிரம் ஒன்றை உள்ளே போட்டார். இழுவையை அவரிடம் விட்டுவிடுவோம். நாம் கம்பி லீடர் மட்டும் ஒரு சாண் வெட்டி வைத்துக்கொண்டு, வீச்சு ராடில் கட்டுவோம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் வருகிறதே, அப்போது இன்னும் கவனம் வேண்டும். விசைப்படகு நிற்கும்போது சந்தைக்கு மீன் கொடுப்பது இந்த ஃபைபர் போட்டுகள்தான். அண்ணனுக்கு அது சம்பாத்தியக் காலம். வலை எப்போதும் படகில் இருக்கும். அந்த இரண்டு மாதமும் நம் கணக்கை ஆறிலிருந்து நாலாக்கிக்கொண்டால் அவர் காலை மடக்கி உட்கார இடம் கிடைக்கும்.

சிலருக்கு இப்போதே முகம் சுருங்கியிருக்கும். "காசு போட்டு வாங்கியதைப் பூட்டி வைக்கவா?" என்று கேட்பீர்கள். பூட்ட வேண்டாம், முறை வைத்துக்கொள்வோம். இந்த வாரம் ஜிக் ராடு ஒருவருடையது, அடுத்த வாரம் வேறொருவருடையது. அடுத்தவன் ராடை நான் எப்படித் தொடுவது என்ற கூச்சம் எனக்கும் உண்டு. முறிந்தால் ஐந்தாகப் பிரித்துக்கொள்வோம், யார் கையில் முறிந்தது என்று கேட்கக் கூடாது. இதில் ஒரு நடைமுறைச் சிக்கலும் இருக்கிறது. நம்மில் ஒருவருக்கு வலக்கையால் சுற்றித்தான் பழக்கம், மற்றவர்கள் எல்லோருக்கும் இடக்கை. ஸ்பின்னிங் ரீலின் கைப்பிடியை ஒரு நொடியில் கழற்றி மறுபக்கம் மாட்டிவிடலாம். மேலே உட்காரும் பெய்ட்காஸ்டிங் ரீலை அப்படி மாற்ற முடியாது. ஆகவே பொது ராடு எல்லாவற்றிலும் ஸ்பின்னிங் ரீலே இருக்கட்டும்.

உதிரி வேண்டுமே என்பவர்களுக்கு: ராடுக்கு ராடு உதிரி வேண்டாம். ஜிக் ராடு இரண்டும் ஒன்றுக்கொன்று உதிரி. அதைவிட, லைன் சுற்றிய ஸ்பூல் ஒன்று பையில் இருந்தால் போதும். கடலில் நம் வேலை நின்றுபோனது பெரும்பாலும் லைன் சிக்கியதால்தான், ராடு உடைந்ததால் அல்ல.

கிளம்புமுன் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது, வெள்ளிக்கிழமை ராத்திரியே செய்துவிடலாம். காது குடையும் பஞ்சுக்குச்சி ஒன்றை எடுத்து, ராடின் ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் விட்டு மெல்லச் சுற்றுங்கள். உள்ளே பதித்த பீங்கானில் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் பஞ்சு ஒரு நூலை அங்கே விட்டுவிட்டு வரும். அந்தக் கீறல்தான் பிரெய்டைப் பத்து வீச்சில் அரம்போல் அறுப்பது. "நல்ல லைன்தான், எப்படி அறுந்ததோ" என்று நாம் படகில் சொல்லும் கதைகளில் பாதி, வளையத்தில் இருக்கும் ஒரு மயிர்க்கீறல். தண்டையும் விரலால் தடவிப் பாருங்கள். ஜிக் மோதி விழுந்த சின்ன வடு ஏதாவது நிரடினால் அந்த ராடு வேண்டாம். கார்பனில் வடு உள்ள இடம்தான் பாரம் ஏறும்போது முதலில் விடும்.

ஆறு ராடையும் நாலு அங்குல பிவிசி பைப் இரண்டில் அடக்கிவிடலாம். பைப் என்னிடம் இருக்கிறது, வீட்டில் குழாய் வேலை நடந்தபோது மிஞ்சியது. ரீல்கள் தனிப்பையில். அலை உடைகிற இடத்தைத் தாண்டும் வரை பைப் மூடியபடியே, இரண்டு இடத்தில் கயிறு போட்டுப் படகின் ஓரமாகப் படுத்திருக்கட்டும். அணியம் எழும்பி மறுபடி விழும் அந்த நாலைந்து அடியில் எல்லோரும் குனிந்து எதையாவது பிடித்துக்கொள்கிறோம். அன்றைக்கு ஒருவர் பிடித்தது பக்கத்தில் சாய்த்திருந்த ராடின் நுனியை. முறிந்தது அதுதான். தாண்டி, இன்ஜின் சத்தம் சீரான பிறகு, உட்கார்ந்து பொறுமையாக மாட்டலாம். அதுவரை எந்த ராடிலும் ஒரு முள்கூட இருக்கக் கூடாது. வலை விஷயத்தில் அண்ணனிடம் இன்னொரு முறை முகம் கொடுக்க என்னால் முடியாது. அறுத்த கண்ணிக்கு அவர் காசு வாங்க மறுத்துவிட்டார், தெரியுமல்லவா? "தச்சுக்கலாம் சார்" என்றார்.

வரும் ஞாயிறு கணக்கு இது. இரண்டு ஜிக் ராடும் பைப்பும் நான் கொண்டுவருகிறேன். கிளாஸ் ராடு நம் டிராக்-இறுக்கி நண்பருடையது. அவரிடம் இருப்பதிலேயே உருப்படியானது அதுதான். வீச்சு ராடு இரண்டும் உங்களில் இருவர் பேசிக்கொள்ளுங்கள். அண்ணனுக்குச் சனிக்கிழமை எட்டு மணிக்குப் போன் போட்டு, பாகமும் ஓட்டமும் கேட்டு எல்லோருக்கும் சொல்கிறேன். மிச்சம் இருப்பது கனமான எட்டடி ராடு. அதை யார் எடுத்து வருகிறீர்கள் என்று ஏழு மணிக்குள் சொல்லிவிடுங்கள். என்னுடையதைக் கேட்காதீர்கள். நேற்று ராத்திரி அதன் நுனி வளையத்தில் பஞ்சு நின்றுவிட்டது.

அன்புடன்,
அந்தப் பதினேழில் மூன்றுக்குச் சொந்தக்காரன்